ராணிக்கு நடந்த வளைகாப்பு

ஒரு விஷயத்தைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவரிடம் அந்த விஷயத்தை மட்டும் நம்பி ஒப்படைக்கக் கூடாது. இது என் சொந்த அனுபவம். கால்நடை மருத்துவ மேற்படிப்பில் நான் எடுத்த தலைப்பு, ஆரம்பகால சினையில் குதிரையின் கருப்பையில் இருக்கும் ஹார்மோன் ரிசப்டர்கள். குதிரையின் கருப்பையைத் தெரிந்த அளவுக்கு அப்போது எனக்குக் குதிரையைத் தெரியாது. (முன்பக்கம் கடிக்கும், பின்பக்கம் உதைக்கும் என்பது மட்டும் தெரியும்.)

ஏற்காடு ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுபவர் ஆரோக்கியசாமி அண்ணன். வீடு நாகலூரில். அவருக்கும் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவுக்கும் சோறு போடுவது ராணி என்ற ஒரே ஒரு பெண் குதிரை. ராணிக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் ஒரு குட்டி கிடைக்காவிட்டால் இனிமேல் கிடைப்பது கஷ்டம், ராணிக்குப் பிறகு பிழைப்புக்கும் வழியில்லை. பக்கத்து எஸ்டேட் முதலாளி இரக்கப்பட்டுத் தன் ஆண் குதிரையோடு ராணியைச் சேர்க்க விட்டார். அவரோ எஸ்டேட்டை விற்றுவிட்டு, குதிரையோடு பெங்களூருக்கே போகத் தயாராகிக் கொண்டிருந்தார்.

“சினை நிக்கலைன்னா சொல்லுங்க, இன்னும் கொஞ்ச நாள் குதிரையை இங்கேயே வெச்சிருக்கேன். நின்னுடுச்சுன்னா ஞாயித்துக்கிழமை லாரி ஏத்திடறேன்” என்று சொல்லியிருந்தார். அந்த ‘நின்னுடுச்சா’வைச் சொல்ல வேண்டிய பொறுப்பு, கையில் ஸ்கேன் கருவியோடு மலையேறி வந்த என் தலையில் விழுந்தது.

சேர்த்து இரண்டு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. காப்பிப் பூ வாசம் மூக்கைத் துளைக்க, கொட்டகையில் வைத்து ஸ்கேன் பார்த்தேன். திரையில் கறுப்பாக, உருண்டையாக, திராட்சைப் பழம்போல ஒன்று தெரிந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. என் ஆய்வேட்டின் கதாநாயகன் நேரில் வந்துவிட்டான்!

“சினைதாங்க!” என்றேன். ஸ்டெல்லா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன்.

“அண்ணா, ஹார்மோன்ங்கிறது தபால் மாதிரி. ரிசப்டர்ங்கிறது அதை வாங்கிப் போடுற தபால் பெட்டி. பெட்டி இல்லைன்னா தபால் வந்தும் பிரயோஜனம் இல்லை. குதிரையோட கரு முதல் ரெண்டு வாரம் ஒரு இடத்துல நிக்காது. கருப்பை முழுக்க உருண்டு உருண்டு போய், ‘நான் வந்திருக்கேன், நான் வந்திருக்கேன்’னு சுவர் சுவராத் தொட்டுச் சொல்லும். அந்தச் சேதி கிடைச்சாத்தான், ‘உள்ளே யாருமில்லை, மறுபடி ஆரம்பி’ன்னு வர்ற தபாலுக்குக் கருப்பை பெட்டியே வைக்காது.”

“அடேங்கப்பா! அப்ப நம்ம டூரிஸ்டுங்க மாதிரி எல்லா எடத்தையும் சுத்திப் பாக்குமுங்களா?” என்றார் அண்ணன்.

“அதே!” என்றேன் பெருமையாக. அந்தப் பெருமையில், நான் பார்த்துக்கொண்டிருந்த உருண்டை வைத்த இடத்திலேயே கல்லுப் பிள்ளையார்போல உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. (பொய். கவனித்தேன். ‘சுற்றிக் களைத்து ஓய்வெடுக்கிறது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.) நகர்கிறதா என்று கொஞ்ச நேரம் கழித்து, முடிந்தால் மறுநாளும் பார்க்க வேண்டும். என் ஆய்வேட்டில் நானே அப்படித்தான் எழுதியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நன்றிப் பூசை. முடிந்ததும் வாசலில் எல்லோருக்கும் பாயசம். ஸ்டெல்லா அக்கா ஒரு கயிற்றில் கண்ணாடி வளையல்களைக் கோத்து ராணியின் கழுத்தில் கட்டியிருந்தார்.

“அக்கா, வளைகாப்பு இப்பவேவா?” என்று கேட்டேன்.

“ஏழாம் மாசம் ஆருக்குத் தெரியுமுங்க? அடுத்த மாசம் சீசனு. அப்புறம் ஏரிக்கரைய விட்டு ஊட்டுக்கு வரக்கூட நேரமிருக்காது. சந்தோசத்த இப்பவே கொண்டாடிப்போடோணுங்க!”

எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பாதிரியார் ராணியை ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து, மஞ்சக்குட்டையிலிருந்து ஒருவர் தன் ஆண் மட்டக்குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தார். ராணி அதைப் பார்த்தது. சினைக் குதிரை என்றால் காதை மடக்கிக்கொண்டு உதைக்கும். ராணியோ வாலை ஒருபக்கமாகத் தூக்கி, காலை அகட்டி, எல்லோர் முன்னாலும் வெட்கமில்லாமல் கொஞ்ச ஆரம்பித்தது. பாதிரியார் தூக்கிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டார். கூட்டம் ராணியைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. எனக்கு அந்தச் சால்வையைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஓடிப்போய் ஸ்கேனை எடுத்து வந்தேன். அதே உருண்டை, அதே இடத்தில். கரு இல்லை, கருப்பையில் இருந்த நீர்க்கட்டி.

ஆரோக்கியசாமி அண்ணன் கோபப்படவே இல்லை. ராணியின் கழுத்தைத் தடவிக்கொண்டே, “பரவால்ல கண்ணு” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆண் குதிரையை ஏற்றிய லாரி காலையிலேயே கிளம்பியிருந்தது.

முதலாளிக்குப் போன் போட்டேன். சிக்னலுக்காகக் கோயில் படியில் ஏறி நின்று, ஸ்பீக்கரில் கத்த வேண்டியிருந்தது. கீழே ஊரே பாயச டம்ளரோடு நின்று கேட்டது.

“ஐயா, ராணி சினையில்லைங்க!”

“நீங்கதானம்மா தபால் பெட்டியெல்லாம் சொன்னீங்களாம்?”

“பெட்டியெல்லாம் சரிதாங்கய்யா. தபால்தான் வரலை. நான் பார்த்தது கட்டி!”

அவர் விழுந்து விழுந்து சிரிப்பது மலை முழுக்கக் கேட்டது. லாரி மலையிறங்கிக் குப்பனூரில் டீக்கடை முன்னால் நின்றிருந்ததாம். திருப்பி அனுப்பினார், புண்ணியவான். சாயங்காலம், கழுத்து வளையல் கலகலக்க, ராணி மறுபடியும் சேர்ந்தது. வளைகாப்பு முடித்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்ட குதிரை இந்த மலையில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்தத் தடவை தினமும் போய் ஸ்கேன் பார்த்தேன். கட்டி அதன் இடத்தில் இருந்தது. இன்னொரு குட்டி உருண்டை, காலையில் இடது பக்கம், கொஞ்ச நேரத்தில் வலது பக்கம். “அண்ணா, சுத்துது, சுத்துது!” என்று நான் போட்ட கூச்சலில் ராணி உதைக்கப் பார்த்தது. அந்த உதையை நான் ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டேன்.

குட்டிக்கு ‘ரிசப்டர்’ என்று பேர் வைத்தார்கள். இன்றும் ஏரிக்கரைக்குப் போனால், “ஏனுங்க, ரிசப்டர் மேல ஒரு ரவுண்டு போறீங்களா?” என்று அண்ணன் கூப்பிடுவார்.

போன வருஷம் சேலத்தில் எனக்கு ஸ்கேன் எடுத்து, நல்ல செய்தி சொன்னார்கள். முதல் வேலையாக ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்தேன்.

“நொம்ப சந்தோசமுங்க டாக்டரம்மா! நவுருதுங்களா?”

“அக்கா, மனுஷங்களுக்கு அப்படி நகராதுக்கா.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நாளைக்கும் ஒருக்கா பாத்துப்போட்டுச் சொல்லுங்க. அப்புறந்தான் வளையல் எடுப்பேன்.”

மறுநாளும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.