ஒற்றை ஆள் சீட்டு

இந்தச் சித்திரையில் வீட்டில் இருப்பதில்லை என்று நான் முடிவெடுத்தபோது காலை மணி எட்டு. எட்டரைக்குள் திட்டம் தயார். நான் அப்படித்தான். ஒரு முடிவை எடுத்துவிட்டால் அதன்பிறகு யோசிக்கவே மாட்டேன்.

காரணம் இருக்கிறது. எங்கள் வீடு வீரபாண்டியில், கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில். சித்திரைத் திருவிழாவுக்கு ஆத்தாளைப் பார்க்க வரும் லட்சம் பேரில் என் மூன்று அக்காமாரும் அடக்கம். தேவதானப்பட்டியிலிருந்து மூன்று குடும்பம், பதினான்கு டிக்கெட், எட்டு நாள். அக்காமார் என்றால் எனக்கு உயிர். ஆனால் அந்த உயிரெல்லாம் ஒரே பாத்ரூமுக்கு வரிசையில் நிற்கும்போது கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. மாமாக்களுக்கு வெற்றிலை வாங்கிவர நான். பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றி, வாந்தி எடுத்ததும் இறக்கிவர நான். சமையலைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை இல்லை. இருபத்திரண்டு வருஷமாக என் மனைவி முனீஸ்வரிதான் பொங்கிப் போடுகிறாள். பழகிவிட்டது. எனக்கு.

ஆகவே நான் தப்பிக்க வேண்டும். என்னிடம் முந்நூற்றைம்பது சிசி வண்டி ஒன்று இருக்கிறது. குமுளி மலை ஏறி இறங்கி, ஆலப்புழையில் கடலைப் பிடித்து, கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டே கோகர்ணம் வரை போய்த் திரும்பினால் சரியாக எட்டு நாள். குறுக்கே நின்றது ஒன்றே ஒன்று, வண்டியின் சீட்டு. இரண்டு பேர் உட்காரும் சீட்டு இருக்கும்வரை அந்த இரண்டாவது ஆள் யார் என்ற கேள்வி வரும். கேள்வியையே ஒழித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அன்று சாயந்தரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"முனீஸு, முதுகு தாங்கல."

"தைலம் தேச்சு விடவா?"

"தைலத்துக்கெல்லாம் அடங்காது. வண்டி சீட்டுதான் காரணம். தேனியில ஜெபராஜ் கடையில நம்ம உடம்புக்குன்னே அளவெடுத்து சீட்டு தைக்கிறான். அதுல உக்காந்தா நாளைக்கு முந்நூறு கிலோமீட்டர் போனாலும் அலுப்பே தெரியாது."

"நாளைக்கு முந்நூறு கிலோமீட்டர் எங்கன போறீக?"

"திருவிழா சமயத்துல கோகர்ணம் வரைக்கும் போயிட்டு வரலாம்னு. மனசுக்கும் ஓய்வு வேணும்ல."

"திருவிழாவுக்கு உங்க அக்காமாரு வருவாகளே."

"நீ இருக்கேல்ல."

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு நறுக்கியது.

"நானும் வரட்டுமா? நான் கடல் பாத்தது ராமேஸ்வரத்துல ஒரே தடவ. அதுவும் உங்க அக்கா பிள்ளைகளக் குளிப்பாட்டிக்கிட்டே பாத்தது."

"அங்கனதான் சங்கடம். இது ஒத்த ஆளு சீட்டு. பின்னாடி சாமான் பெட்டி வரும். முதுகுக்கு அதுதான் நல்லதாம்."

"ஒரு ஆளுதான் போக முடியுமா?"

"ஒரே ஆளுதான்."

"சரி. தச்சுக்கங்க," என்றாள்.

சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. பேசுகிற விதத்தில் பேசினால் பெண்கள் கேட்டுக்கொள்வார்கள் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜெபராஜ் தொழில் தெரிந்தவன். அவன் மனைவி ஜெபஷீலாவும் முனீஸ்வரியும் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர்கள். அதனால் குடும்பப் பழக்கமும் உண்டு. கடைக்குள் நுழைந்ததும் ஒரு பெரிய அலுமினியத் தாம்பாளத்தை எடுத்து முன்னால் வைத்தான். அதில் பிசைந்த களிமண். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள்.

"உக்காருங்கண்ணே."

"எதுல?"

"இதுலதான். தையக்காரருக்கு அளவு ஜாக்கெட் குடுக்குறாகல்ல, அது மாதிரி எனக்கு அளவு மண்ணு. கால் மணி நேரம் அசையாம உக்காந்தா, எங்கன பாரம் இறங்குதுன்னு பதிஞ்சிரும். அதப் பாத்துத்தான் ஃபோம கூட்டிக் குறைப்பேன்."

எதிரே ஜவுளிக்கடை. கல்யாணச் சேலை எடுக்க வந்த கூட்டம் வாசலிலேயே நின்றது. தேனியில் மோட்டார் பம்பு கடை வைத்து நாலு பேருக்குத் தெரிந்த மனிதன், நடு பஜாரில் சேற்றில் உட்காருவதா? வண்டியை அவனிடமே விட்டுவிட்டுத் தாம்பாளத்தை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். மறுநாள் காலை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பேப்பர் முழுவதும் படித்து முடித்தேன். எழுந்து பார்த்தால் கம்பீரமான பதிவு. எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையைக் கையில் ஏந்திக்கொண்டு பஜாருக்குள் போவதில்தான் தயக்கம்.

"முனீஸு, தேனியில மீட்டிங்னு சொன்னேல்ல? போற வழியில இத ஜெபராஜ்கிட்ட இறக்கிரு. கை அளவு, கால் அளவும் கேப்பான். சொல்லிரு."

"நானா சொல்லணும்?"

"இருபத்திரண்டு வருஷமா என்னையப் பாக்குற. என் அளவு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன," என்று தாம்பாளத்தை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் ஜெபராஜ் போன் செய்தான்.

"அண்ணே, அளவுல ஒரு சின்ன விஷயம். நீங்க ஒரு எட்டு நேர்ல வந்து பாத்தீகன்னா நல்லது."

"கடையில ஆளு நிக்குது ஜெபராஜ். உன் மதினி வந்தாள்ல?"

"வந்தாக."

"அளவு குடுத்தாள்ல?"

"குடுத்தாக. அதுதான்ணே..."

"அவ குடுத்ததுதான் அளவு. அப்படியே தை."

"பின்னாடி என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

"ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

வேலை வாங்கத் தெரிந்தவன் எல்லா இடத்துக்கும் நேரில் போக மாட்டான் என்று என் கடைக்கு வந்தவரிடமும் சொல்லி அனுப்பினேன்.

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது வண்டி வந்தது. ஜெபராஜே ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினான். காப்பிப்பொடி நிறத்தில் ரெக்சின், ஓரத்தில் வெள்ளைத் தையல், பின்னால் பெட்டி. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் சீட்டு மிகவும் தாழ்வாக இருந்தது. என் முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரை எட்டிப் பார்த்தன. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் மேடு இருந்தது. அந்த மேடு என்னைப் பெட்ரோல் டாங்கின் மேல் தள்ளியது. பின்னுக்கு நகர்ந்தேன். மறுபடியும் தள்ளியது.

"ஜெபராஜ், இது யாரு அளவு?"

அவன் முனீஸ்வரியைப் பார்த்தான்.

"கொஞ்சம் இறங்குங்க," என்றாள் முனீஸ்வரி. சுடிதாரில் இருந்தாள். கையில் ஹெல்மெட். அது என் ஹெல்மெட் இல்லை, புதிது.

அவள் என் வண்டியை என்னைவிட நன்றாக ஓட்டுவாள் என்று தெருவில் ஒரு வதந்தி உண்டு. கிளப்பிவிட்டது யார் என்று விசாரித்திருக்கிறேன். நேரில் பார்த்தவர்கள்தான். வடுகபட்டியில் அவள் அப்பாவின் வண்டியில் பதினாறு வயதிலேயே பழகியவள். ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. முதுகு நேராக நின்றது. அந்த மேடும் பள்ளமும் அவளுக்காகவே காத்திருந்த மாதிரி அடங்கிக்கொண்டன.

"நான் உக்காந்த பதிவு என்னாச்சு?"

"தட்டிச் சமமாக்கிட்டு, கடையிலயே நான் உக்காந்தேன். ஜவுளிக்கடையில எல்லாரும் பாத்தாக. பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஜெபராஜ் பக்கம் திரும்பினேன். "நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நேர்ல வாங்கன்னு கூப்புட்டேன்லண்ணே. நீங்கதான் அப்படியே தைன்னு சொன்னீக. என் நெலமையும் அதுதான். ஜெபஷீலாவும் மதினி கூடப் போகுது. என் வண்டியிலயும் ஒத்த சீட்டு தச்சு மாட்டிட்டேன்."

"முனீஸு, இது என்ன வேலை? திருவிழாவப் போட்டுட்டு..."

வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "இருபத்திரண்டு திருவிழாவ அடுப்படியிலயே கழிச்சுட்டேன். கொட்டுச் சத்தம் கேக்கும். போய் நிக்க நேரம் இருக்காது. உங்க அக்காமார நான் ஒண்ணும் சொல்லல. அவுக வரட்டும், இருக்கட்டும். எனக்குக் கடல் பாக்கணும். லீவு எழுதிக் குடுத்துட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் பட்டதை எல்லாம் வெளியே காட்டினால் குடும்பம் நடத்த முடியாது.

"அப்ப நானும் வாரேன். பின்னாடி ஓரமா ஒண்டிக்கிறேன்."

அவள் திரும்பிப் பார்க்காமலே பெட்டியைத் தட்டிக் காட்டினாள். உள்ளே துணி அடுக்கி, பூட்டும் போட்டிருந்தது.

திருவிழா தொடங்கிய அன்று விடிகாலையில் இரண்டு வண்டிகளும் கம்பம் ரோட்டில் போய் மறைந்தன. பத்து மணிக்கு தேவதானப்பட்டி வேன் வந்து நின்றது. பதினான்கு பேரும் குறைவில்லாமல் இறங்கினார்கள். மூத்த அக்கா முருகம்மாள் நேரே அடுப்படிக்குப் போய்விட்டு வந்தாள்.

"ஏலே, முனீஸ்வரி எங்கன?"

"கோகர்ணத்துக்குப் போயிருக்கா."

"நேர்த்திக்கடனா?"

"அப்படித்தான்."

"நல்ல காரியம். வண்டியில ஒருத்தரும் ஒண்ணும் சாப்பிடல. மாமாவுக்கு மாத்திரை போடணும், சீக்கிரம் ஏதாச்சும் செய்யி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாதாரணக் கோபம் இல்லை. இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று போனை எடுத்தேன். எந்த மலையில் இருந்தாலும் வண்டியைத் திருப்பு என்று ஒரே அதட்டு. சொல்ல வேண்டியதை ஒரு தரம் மனசுக்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது ரிங்கில் எடுத்தாள். பின்னால் காற்றுச் சத்தம். ஜெபஷீலா யாரிடமோ இரண்டு சாயா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க," என்றாள் முனீஸ்வரி.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஆண்மகனுக்குரிய குரலில் கேட்டேன்.

"பதினஞ்சு பேருக்கு உப்புமான்னா, தண்ணி எத்தன டம்ளர் வைக்கணும்?"