கால்ஜோசியர் பார்த்த கிளட்ச்

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் கார் வைத்திருப்பவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். கால்ஜோசியரிடம் திட்டு வாங்கியவர்கள் ஒரு வகை, இனிமேல் வாங்கப் போகிறவர்கள் இன்னொரு வகை. திட்டே வாங்காமல் தப்பித்தேன் என்று யாராவது சொன்னால், அவர் வைத்திருப்பது கார்தானா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஏரி நிரம்பிய நாள், டவுன் பஸ் நேரம் மாறிய நாள், சந்தைக்கு முதல் மாங்காய் வந்த நாள் என்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப்பட்ட என்னாலேயே அவருடைய பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய கார் பட்டறைக்குப் போர்டு கிடையாது. கரண்ட் பில் கட்டட உரிமையாளர் பெயரில் வருகிறது. ஒரு வியாழக்கிழமை நேரிலேயே கேட்டேன்.

“உங்க பேரு இன்னா?”

“பேரு தெரிஞ்சிக்கினு இன்னா சார் பண்ணப் போறீங்க? வண்டிய உள்ள வுடுங்க.”

நோட்டில் அந்த வியாழனுக்கு எதிரே ‘பெயர்: வண்டியை உள்ளே விடவும்’ என்றுதான் இன்றும் இருக்கிறது.

அவர் கிளட்ச் வேலை மட்டும்தான் செய்வார். பிரேக், ஏ.சி. என்று யாராவது வாயெடுத்தால் எதிர்க்கடையைக் கைகாட்டுவார். கிளட்ச் என்றாலும் உடனே வண்டியைத் தொடமாட்டார். ஓட்டுகிறவரைச் சீட்டில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, கதவைத் திறந்து, தரையில் கோணியை விரித்துப் படுத்துக்கொண்டு, இடது காலைக் கீழிருந்து பார்ப்பார். கைரேகை பார்ப்பவர் கூட அத்தனை நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார். பூரணாங்குப்பத்திலிருந்து வந்த மீன் வண்டிக்காரர் ஒருவர், பெரிய மெக்கானிக்கைப் பார்க்கப் போகிறோமே என்று மரியாதைக்குப் புது ஷூ போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஜோசியர் கோணியில் படுத்தபடியே கேட்டார்: “ஷூவுக்கு கிளட்ச் போடட்டுமா, காலுக்குப் போடட்டுமா?”

இதில் ஒரு சிக்கல். கால்களையே பார்த்துப் பார்த்து அவருக்கு மனித முகங்கள் நினைவில் நிற்பதில்லை. சந்தையில் நான் வணக்கம் சொன்னால் ஏதோ ஓட்டுக் கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பிறகு பார்வை மெல்லக் கீழே இறங்கும். என் செருப்பைத் தொட்டதும் முகம் மலரும். “அடடே, சாரா! வூட்ல எல்லாம் சௌக்கியமா?”

காலைப் பார்த்த பிறகு டீ வரும். குடிப்பதற்கு இல்லை. டேஷ்போர்டில் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் தளும்பத் தளும்ப டீ டம்ளரை வைத்துவிட்டு, ஏரிக்கரைத் திருப்பம் வரை ஓட்டிக்கொண்டு வரச் சொல்வார். திரும்பி வரும்போது டம்ளரில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து, அதை வைத்துத்தான் எந்தக் கிளட்ச் என்று முடிவு செய்வார். டீ நம் செலவு.

கால்ஜோசியர் என்ற பட்டம் நிலைத்துப்போனது ஒரு கல்யாணப் பேச்சில். கரையாம்புத்தூரில் கரும்பு பயிரிடும் ஒரு குடும்பம் பாகூரில் மாப்பிள்ளை பார்த்தது. பையனுடைய காருக்கு இவர்தான் கிளட்ச் போட்டவர் என்று தெரிந்து, பெண்ணின் அப்பா விசாரிக்க வந்துவிட்டார். அப்போது நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

“பையன் நல்ல பையன்தான் கவுண்டரே. ஆனா காலு பெடல வுட்டு எறங்காது. முழுசாவும் அமுக்க மாட்டான், முழுசாவும் வுட மாட்டான். அப்புறம் உங்க இஷ்டம்.”

பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த பொங்கல் முடிந்து அதே அப்பா ஒரு கட்டு கரும்போடு வந்தார். “நீ சொன்னது சரிதான்பா. மாப்ள மூணு மாசமா எங்க வூட்லதான் கீறாரு. கெளம்பறேன், கெளம்பறேன்னு சொல்லிக்கினு தெனம் வாசப்படியிலயே நிக்கிறாரு.”

அன்று எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவன் நான்தான். அதையும் குறித்துவைத்திருக்கிறேன்.

இனி என் கதை. எங்கள் சிறிய பெட்ரோல் காரை ஆறு வருடம் நான்தான் ஓட்டினேன். பள்ளி ஆசிரியையான என் மனைவிக்கு வில்லியனூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் மாற்றல் வந்தது. பஸ்ஸில் போனால் இரண்டு வண்டி மாற வேண்டும். முதல் நாளே பிரார்த்தனைப் பாட்டு முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாள். எனக்கு அலுவலகம் அரியாங்குப்பத்தில், வேறு திசை. ஆகவே நான் பஸ்ஸுக்கு மாறினேன், கார் அவள் கைக்குப் போனது. நாற்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கிவிட்டாள்.

எல்லாம் கேட் வரைக்கும்தான். தண்டவாளத்துக்கு ஏறும் இடம் சின்ன மேடு. கேட் மூடியிருக்கும்போது முன்னால் நாற்பது டூவீலர், பின்னால் கரும்பு டிராக்டர். கேட் திறந்ததும் எல்லா ஹாரனும் ஒன்றாக அலறும். அவள் கிளட்ச்சை விடுவாள், வண்டி குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும், நின்றுவிடும். ஒரே வாரத்தில் இரண்டு தடவை. இரண்டாவது தடவை டிராக்டர்காரர் மேலிருந்து குனிந்து கேட்டாராம்: “இன்னா டீச்சர், அடுத்த ரயிலும் போனப்புறம்தான் கெளம்புவீங்களா?”

அன்று மாலை சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

“இன்னொரு வாட்டி அங்க நின்னுடுச்சின்னா நான் வேலையையே எழுதிக் குடுத்துடறேங்க. கார் ஓட்ற காலு இல்ல எனக்கு.”

இன்னும் பதினாலு வருட சர்வீஸ் இருக்கிறது. தன் வகுப்புப் பிள்ளைகளில் யாருக்கு எந்தப் பல் விழுந்தது என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் சொல்கிறவள். அந்தக் கதைகள் நின்றுபோன வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். கிளட்ச் பிளேட் வகைகள், பிரஷர் பிளேட்டின் அழுத்தம், ஃப்ளைவீல் எடை என்று பதினோரு பக்கத்துக்கு அட்டவணை தயாரித்தேன். அரியாங்குப்பத்தில் இருக்கும் என் மைத்துனன் அதைப் புரட்டக்கூட இல்லை. அவனுக்கு எல்லாமே வீடியோ.

“மாமா, ஆர்டினரி போட்டா ஆர்டினரியாதான் ஓடும். ரேஸ் கிளட்ச்சு, லைட்வெயிட் ஃப்ளைவீலு போடு. அக்கா ஆக்சிலேட்டர தொட்டா போதும், வண்டி பிச்சிக்கினு போவும்.”

“உங்க அக்கா பிச்சிக்கினு போவ வேணாம்டா. கேட்டத் தாண்டினா போதும்.”

“அதுக்குதான் மாமா சொல்றேன்!”

அட்டவணையும் அவன் பக்கமே சாய்வதுபோல் எனக்குத் தோன்றியது. ரேஸ் கிளட்ச் பெட்டி வீட்டுக்கு வந்து இறங்கியது. பெட்டி, அட்டவணை, மைத்துனன் மூன்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன்.

செருப்பைக் கழற்றினேன். கோணி விரிந்தது. டீ வந்தது. ஏரிக்கரைத் திருப்பம் வரை போய்த் திரும்பியபோது டம்ளர் காலி. டீ முழுவதும் பதினோரு பக்கத்தின் மேலும், கொஞ்சம் மைத்துனன் பேன்ட் மேலும் இருந்தது.

ஜோசியர் காலி டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். “கிளட்ச் போயிடுச்சி, சரி. ஆனா இம்மாம் டீ கிளட்ச் மட்டும் கொட்டினது இல்ல. சார், தெனம் இந்த வண்டிய யாரு ஓட்றது?”

“என் வீட்டம்மா. டீச்சர். வில்லியனூர் கேட்டு மேட்டுலதான் வண்டி நின்னுடுது.”

“அப்ப உங்க காலு இங்க எதுக்கு வந்துது? அவங்களுக்குக் கண்ணாடி போடணும்னா உங்க கண்ணயா டெஸ்ட் பண்ணுவாங்க?”

மைத்துனன் பெட்டியைத் திறந்து அந்த இலேசான ஃப்ளைவீலை ஒரே கையில் தூக்கிக் காட்டினான். ஜோசியர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்.

“தம்பி, கரும்பு ஜூஸ் மிஷின் பாத்துகீறியா? அதுல இன்னாத்துக்கு அவ்ளோ கனமா சக்கரம் மாட்டிகீறான்? கரும்புல கணு வந்தாலும் நிக்காம சுத்தணும், அதுக்குதான். நீ கொண்டாந்தது தட்டு மாதிரி கீது. சர்ருன்னு ஏறும், சடார்னு எறங்கும், கணு வந்தா நின்னுடும். டீச்சருக்கு கேட்டு மேடுதான் கணு. ரேஸ் பிளேட்டு இன்னா பண்ணும்? புடிச்சா வெடுக்குன்னு புடிக்கும். தெனம் ஸ்கூலுக்குப் போற வண்டிக்கு அது எதுக்கு? அந்தம்மாள நாளைக்கி இட்டுக்கினு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வந்தாள். பரீட்சை எழுத வந்த பிள்ளைபோல் உட்கார்ந்தாள். ஜோசியர் கோணியில் படுத்து நெடுநேரம் பார்த்தார். டீ கொண்டுவரச் சொன்னார். நான் டேஷ்போர்டில் துணியை விரிக்கப் போனேன்.

“அது டீச்சர் குடிக்கறதுக்கு சார். இந்த கிளட்ச்ச வச்சிக்கினு டெஸ்ட் பண்ணா பாவம்.”

மதியத்துக்குள் அவருடைய ஆட்கள் கியர் பாக்ஸை இறக்கிவிட்டார்கள். பழைய பிளேட்டை எடுத்துவந்தார். ஆணி தலை தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஃப்ளைவீலின் முகத்தில் மயில் கழுத்து நிறத்தில் திட்டுத் திட்டாக நீலம்.

“டீச்சர், இத பாருங்க. சூட்டுல வெந்த நீலம் இது. இதனாலதான் ஏறும்போது வண்டி நடுங்குது. இது ஒரு மாசம் ரெண்டு மாசத்துல வர்றது இல்ல. கியர் போட்டப்புறமும் பெடல் மேலயே கால வச்சிக்கினு, வருசக் கணக்கா ஓட்டினாதான் வரும். நீங்க எத்தினி நாளா ஓட்றீங்க?”

“நாலு மாசமா.”

“அதுக்கு முன்னாடி?”

அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். மைத்துனனும் பார்த்தான். தரையில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். ஜோசியர் மட்டும் நேராக என் இடது காலைப் பார்த்தார். எனக்கு அந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“உங்க காலு நல்ல காலு டீச்சர். அமுக்கினா முழுசா அமுக்குது, வுட்டா முழுசா வுடுது. வெந்துபோனத உங்க கையில குடுத்துட்டு சார் பஸ்ஸுல போயிட்டாரு.”

நாலு மாதம் கழித்து அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, “பதினோரு பக்கம் எழுதினீங்களே, இது எந்தப் பக்கத்துல வருதுங்க?” என்றாள்.

வண்டியோடு வந்த அதே ஃப்ளைவீல், லேத்தில் முகத்தைச் சீவிய பிறகு திரும்ப ஏறியது. கம்பெனி வண்டியில் வருகிற அதே சாதாரண பிளேட், பிரஷர் பிளேட், ஒரு புது பேரிங். வேறு ஒன்றுமில்லை. மைத்துனன் பெட்டியை வீணாக்க மனமில்லாமல் அதே மாடலான தன் வண்டியிலேயே மாட்டிக்கொண்டான். அரியாங்குப்பம் பாலத்தில் அது எத்தனை தடவை நின்றது என்பதை உறவு கருதி இங்கே எழுதவில்லை.

திங்கட்கிழமை அவள் கிளம்பியதும் ஆபீஸில் போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு நாற்பதுக்கு மணி அடித்தது.

“தாண்டிட்டேங்க. கேட்டுக்காக மேட்டுல நின்னு, திரும்ப எடுத்து, தாண்டிட்டேன்.” மூச்சு வாங்கியது. பிறகு, “ஜோசியர் அங்க நின்னுக்கினு இருந்தாருங்க” என்றாள்.

“எங்க?”

“கேட்டுக்குப் பக்கத்துல. சைக்கிள சாச்சி வச்சிட்டு செயின மாட்ற மாதிரி குந்திக்கினு இருந்தாரு. செயின் ஒண்ணும் கழலல. நான் கெளம்பற வரைக்கும் கண்ண மூடிக்கினு வண்டி சத்தத்தையே கேட்டுக்கினு இருந்தாரு. அப்புறம் ஏறிப் போயிட்டாரு.”

பாகூரிலிருந்து வில்லியனூர் கேட் வரைக்கும் சைக்கிள். செவ்வாயும் நின்றார். புதனும் நின்றார். சனிக்கிழமை வரை ஆறு நாளும், கழலாத செயினை மாட்டிக்கொண்டு நின்றார். சந்தையில் பார்த்துக் கேட்டேன். என் செருப்பைப் பார்த்து, “அந்தப் பக்கம் ஒரு வேல இருந்துது சார்” என்றார்.

இப்போது அவளுக்கு கேட் ஒரு விஷயமே இல்லை. டிராக்டர்களுக்கு வழிவிடச் சொல்லி ஹாரன் அடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பல் விழுந்த கதைகள் தினமும் வருகின்றன. போன மாதம் மைத்துனன் வந்து, காலம் மாறிவிட்டது, கிளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வாங்குங்கள் என்றான். விலை, மைலேஜ், வசதி எல்லாம் சரியாகத்தான் சொன்னான். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அந்த மனுஷனைப் போய்ப் பார்க்க எங்களுக்கு வேறு என்ன சாக்கு இருக்கிறது?