மலைக்குப் போட்ட இஸ்திரி

சொட்டு விழுந்துவிட்டது. அதுவும் சிவப்புச் சொட்டு, அதுவும் துரைசானியின் படத்தில், வானத்துக்கு நட்ட நடுவில்.

"பொன்னையா! டேய் பொன்னையா! ஓடியாடா!" பங்களா வராந்தாவிலிருந்து சமையல்காரர் முருகையா போட்ட சத்தத்தில், ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பொன்னையா வாளியோடு ஓடி வந்தான்.

"என்னண்ணே, பாம்பா?"

"பாம்பா இருந்தா அடிச்சிருக்க மாட்டேனா? இதைப் பாரு."

பொன்னையா பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு. சூரியன்."

"அந்த மூலையில ஏற்கெனவே ஒண்ணு இருக்கேடா!"

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. கொழும்புச் சாமான் எதுவானாலும் பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அதற்கப்பால் மாட்டு வண்டியில் ஆடி அசைந்து நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறும். ஏறி வருகிற பெட்டியைப் பிரிப்பதை எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். அப்படி வந்து இறங்கியதுதான் அந்தத் தூரிகைப் பெட்டி. உள்ளே ஆறு தூரிகைகள், பெரியது பூனை வால் மொத்தம், சின்னது ஊசி மாதிரி. முனையெல்லாம் பசை போட்டு விறைப்பாக இருந்தது.

"முருகையா, வெந்நீரிலே மெல்ல ஊற வை. முடி கொட்டுதா பார். நான் பதுளை போய் வாறேன்" என்று சொல்லிவிட்டு, துரைசானி பங்களா வேலைக்காரி கருப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு வண்டி ஏறினார்.

முருகையா ஊற வைத்தார். பசை கரைந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் வம்பே இல்லை. ஆனால் முடி கொட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னார்களே! சாயத்தில் தோய்க்காமல் அதை எப்படிப் பார்ப்பது? பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட உப்புப் பார்க்காமல் குழம்பை மேசைக்கு அனுப்பாத மனிதர் அவர். சாயப் பெட்டியைத் திறந்து சிவப்பில் ஒரு தோய் தோய்த்தார். அப்போதுதான் வராந்தாவில் படம் வரையும் தாங்கியில் நின்ற படம் கண்ணில் பட்டது.

ஒரு பெரிய மலை, வானம், சரிவு முழுக்க வெறும் புல். "தினம் சாயங்காலம் இங்கதானே உக்காந்து நமுனுகுலயைப் பார்த்துப் பார்த்து வரையிறாங்க? தேயிலை எங்க? லயம் எங்க?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நன்றாகக் குனிந்தார். சொட்டு விழுந்தது.

வேறு சமயமாக இருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். ஆனால் அடுத்த வாரம் துரையும் துரைசானியும் சீமைக்கே திரும்புகிறார்கள். புதுத் துரை வரப்போகிறார். பங்களாச் சமையல்காரனுக்குப் பழைய துரைசானி எழுதிக் கொடுக்கும் கடுதாசிதான் உயிர். "இவன் நல்லவன், நன்றாகச் சமைப்பான்" என்று நாலு வரி இருந்தால் போதும். அது இல்லாதவனைப் புதுத் துரை வாசலோடு அனுப்பிவிடுவார். முருகையாவின் கடுதாசி இன்னும் எழுதப்படவில்லை.

"தொடைச்சிருண்ணே, யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் பொன்னையா.

ஈரத் துணியால் துடைத்தார். சொட்டு போய்விட்டது. அதற்குப் பதிலாக வானம் பாதி சிவந்துவிட்டது.

"மேசை விரிப்புல ஒயின் கொட்டினா என்னண்ணே செய்வீங்க?"

"உப்புப் போடுவேன்..." என்று இழுத்த முருகையாவின் முகம் பிரகாசமானது. கறை எடுப்பதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. குசினிக்கு ஓடி ஒரு கை உப்பை அள்ளி வந்து தூவினார். சிவப்பை உறிஞ்சும் என்று பார்த்தால், அது நீலத்தை உறிஞ்சியது. வானத்துக்கு அம்மை வார்த்துவிட்டது.

"எலுமிச்சம்பழம் கொண்டாடா!"

தேய்த்தார். படத்தின் தாள் ஊறி அப்பளமாக நெளிந்தது. மலை மூன்று இடத்தில் மடிந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மடிந்த துணிக்கு என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றது. படத்தின் மேல் துணி விரித்து முருகையா பதமாகத் தேய்த்தார். மலை நிமிர்ந்தது. ஆனால் கீழே துணி விலகியிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. துணியை எடுத்தபோது மலையடிவாரத்தில் பழுப்பாக ஒரு முக்கோணம் தீய்ந்து கிடந்தது.

பொன்னையா வாளியைத் தூக்கிக்கொண்டான். "ரோஜா வாடுதுண்ணே. நான் இந்தப் பக்கமே வரல."

"அடப் பாவி!"

முருகையா தனியாக நின்றார். எதிரே ஆறு தூரிகைகள். இனிமேல் கெட என்ன இருக்கிறது என்று பெரியதை எடுத்து வெள்ளையில் தோய்த்து வானத்தின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். அடேயப்பா, என்ன தூரிகை! வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்து, சொன்ன இடத்தில் சொன்னபடி விட்டது. விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடப் பெரட்டுத் தப்பு அடிக்கிற வேளையில் மலையிலிருந்து இறங்குமே ஒரு பனி, அது அப்படியே வந்து அம்மைத் தழும்பை மூடிக்கொண்டது.

தீய்ந்த முக்கோணத்தைக் கூரையாக நீட்டி, கீழே நாலு கதவு வைத்தார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் ஆகிவிட்டது. ஒரு கதவுக்கு மேலே மட்டும் கொஞ்சம் புகை விட்டார். அது அவர் குடியிருக்கும் அறை, அவருடைய காம்பரா. அவர் மனைவி தனலெட்சுமி புதுப் பெண்ணாக வந்து, ஈர விறகோடு மல்லுக்கட்டி, இருமி இருமி முதல் அடுப்பு மூட்டியது அங்கேதான். அந்தப் புகைக்கு இப்போது இருபது வயது ஆகிறது.

சரிவில் அங்கங்கே வெள்ளைப் பொட்டுகள் இருந்தன. கொழுந்து பறிக்கும் பெண்களைத் துரைசானி பாதியில் விட்டிருக்கிறார் போலும். முருகையா ஊசித் தூரிகையை எடுத்து ஒரு பொட்டு விடாமல் முதுகில் கூடை மாட்டினார். சுற்றிலும் தேயிலை நட்டார்.

நட்டுக்கொண்டே இருக்கும்போது, துரைசானி வந்த முதல் நாள் ஞாபகத்துக்கு வந்தது. சூப் என்று தான் வைத்த ரசத்தைக் குடித்துக் கண்ணில் தண்ணீர் வர இருமிய அதே அம்மா, மறுநாள் இன்னொரு கோப்பை கேட்டு ஆள் அனுப்பினார். குசினிப் படியில் உட்கார்ந்துதான் தமிழ் படித்தார். இனி அந்தப் படியில் யார் உட்காரப் போகிறார்கள்? முருகையாவுக்கு அழுகை வந்தது. அது கடுதாசிக்காக வந்த அழுகை இல்லை.

வண்டிச் சத்தம் கேட்டது. தூரிகையைக் கீழே வைக்கக்கூட நேரமில்லை. துரைசானி படத்துக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் வந்த கருப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது யார் செய்தது?"

"நான்தாங்க. ஒரே ஒரு சொட்டு விழுந்திருச்சுங்க. அதுக்கு உப்புப் போட்டேனுங்க. எலுமிச்சம்பழம் தேச்சேன். அப்புறம் இஸ்திரி..."

"இஸ்திரியா?"

"ஆமாங்க. சூடுதான் கொஞ்சம் கூடிப்போச்சு."

துரைசானி நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று முருகையா பயந்து பயந்து பார்த்தார். இரண்டும்தான். வெள்ளைப் பொட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "கூடை! இதுக்கும் கூடை!" என்று மறுபடி சிரித்தார். பிறகு லயத்தைக் காட்டினார்.

"இது யார் வீடு?"

"நம்ம லயமுங்க. அந்தப் புகை வாறது என் காம்பரா."

துரைசானி அந்தப் புகையைக் குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போ இது ரெண்டு ஊரும் சேர்ந்த படம். சீமையிலே என் கட்டிலுக்கு எதிரே மாட்டுவேன்" என்றார். அங்கேயே உட்கார்ந்து கடுதாசி எழுதினார். நாலு வரி இல்லை, ஒரு பக்கம் முழுக்க! அதோடு ஊசித் தூரிகையையும் முருகையாவின் கையில் வைத்தார்.

முருகையா குசினிக்குள் நுழைந்தபோது தரையில் கால் பாவவில்லை.

"பார்த்தியா கருப்பம்மா? பதினோரு வருசமா எதிரிலேயே நிக்குது நமுனுகுல. அந்தம்மாவுக்கு ஒரு லயம் போட வரல. பொம்பளைங்களைக்கூடப் பாதியில விட்டுட்டாங்க. நான் கை வச்ச பிறகுதானே படம் படமா இருக்கு!"

கருப்பம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்:

"அது நமுனுகுலயே இல்லண்ணே, துரைசானி கல்யாணத்துக்கு அவங்க அப்பா கையால வரைஞ்சு குடுத்த சீமை மலை, சாமான் கட்டுறப்ப பெட்டியிலேருந்து நான்தான் எடுத்துத் தாங்கியில வச்சேன், நீங்க கூடை மாட்டிக் கொழுந்து பறிக்க விட்டது அம்புட்டும் செம்மறியாடு!"