தினமும் நடக்கிற பாதை

"பிரஷர் நல்லா இறங்கியிருக்கே! சொன்ன மாதிரி தினமும் காட்டுல நடக்கறீங்க போல?" என்று கேட்டார் டாக்டர்.

பேருந்து ஓட்டுநர் கூசாமல் தலையாட்டினார்.

ஊருக்கு நடுவே, அடுக்குமாடிகளுக்கும் பேருந்து டிப்போவுக்கும் இடையில் எப்படியோ பிழைத்துக் கிடக்கும் காப்புக்காடு அது. தினமும் ஒரு மணி நேரம் அதில் நடக்க வேண்டும் என்பது போன மாதம் டாக்டர் போட்ட உத்தரவு. ஓட்டுநரும் காலை ஆறு மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பத்தான் செய்தார். காட்டின் சின்ன வாசல் வரைக்கும் ஒழுங்காகப் போவார். வாசலை ஒட்டி, கீழும் மாடியுமாக ஒரு பேக்கரி இருந்தது. அதோடு சரி. அடுப்பை ஒட்டிய மூலை மேசை, இரண்டு கிரீம் பன், டிப்போ மேனேஜரின் குரல் கேட்காத ஒரு மணி நேரம். பிரஷர் இறங்காமல் என்ன செய்யும்?

"அப்போ அந்த சர்டிபிகேட்டுல ஒரு கையெழுத்து போட்டுடுங்களேன், சார்."

அந்தக் கையெழுத்தில்தான் அவர் உயிர் இருந்தது. பிரஷர் ஏறியதிலிருந்து அவரை டிப்போவில், பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குக் காவலாக உட்கார வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை இப்போது குடைக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தது.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "நானும் மூணு வருஷமா அங்கதான் நடக்கறேன். உங்களை ஒரு நாளும் பார்த்ததில்லையே?"

"நான் ரொம்ப உள்ள போயிடுவேன் சார். கண்ணைக் கட்டி விட்டாலும் வெளிய வந்துடுவேன். நீங்களும் ஒரு நாள் வாங்க, சேர்ந்து நடக்கலாம்."

இதெல்லாம் ஒரு மரியாதைக்குச் சொல்வது. யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் உலகமே இப்படிக் கூப்பிடுகிறது. ஆனால் பக்கத்தில் நின்ற நர்ஸ் அம்மாள், "நாளைக்கு உங்களுக்கு லீவுதானே சார், போயிட்டு வாங்களேன்!" என்றார்.

டாக்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார். பேனாவை மூடினார்.

"சரி... நாளைக்கே நடப்போம். நடந்து முடிச்சதும் அங்கேயே கையெழுத்து போட்டுடறேன்."

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து மனைவி, "ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? தினமும் போற இடந்தானே?" என்றாள்.

"அந்தச் சந்தோஷந்தான்" என்றார் ஓட்டுநர்.

சாயங்காலம் பேக்கரிக்கு ஓடினார். "அண்ணே, நாளைக்கு என்னை எங்க பார்த்தாலும் யாருன்னே தெரியாத மாதிரி இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பேக்கரிக்காரர் பெருமூச்சு விட்டு, "ஆகட்டும்" என்றார்.

அப்படியே சின்ன வாசலில் இருந்த வரைபடப் பலகையைப் பார்த்து, வழியை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். குளம், இடது, பாலம், வலது, பெஞ்சு. ஒரு ரூட்டை மனப்பாடம் செய்வது அவருக்கு ஒரு வேலையா?

மறுநாள் காலை சின்ன வாசலில் காத்திருந்தபோது டாக்டரிடமிருந்து போன். "எங்க இருக்கீங்க? நான் மெயின் கேட்டுல நிக்கறேன்."

கையில் இருந்ததோ சின்ன வாசலிலிருந்து போகிற வழி. ஆனாலும் தேறிக்கொண்டார். போகிற வழியைத் திரும்பி வருகிற வழியாக ஓட்டினால் தீர்ந்தது. கீழிருந்து மேலே படிக்க வேண்டும், இடதை வலதாக்க வேண்டும், அவ்வளவுதானே? இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே மெயின் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தவரின் இரண்டு கைகளையும் டாக்டர் பிடித்துக் குலுக்கினார். டாக்டரின் கை ஏனோ வியர்த்து நனைந்திருந்தது. விட்டபோது ஓட்டுநரின் உள்ளங்கையில் குளமும் பாலமும் ஒன்றாகக் கலந்து ஒரு நீலக்கறைதான் மிச்சம்.

"நீங்க முன்னாடி போங்க சார்" என்றார் ஓட்டுநர் பணிவாக.

"சேச்சே! உங்க ரூட்டு. நீங்கதான் ஓட்டணும்."

சோதிக்கிறார் மனுஷன் என்று நினைத்தபடி ஓட்டுநர் குத்துமதிப்பாக நடந்தார். பேச்சை மாற்ற, கிளையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு கரிய பறவையைக் காட்டினார். "சார், அது மலைக்கருவாலி. லேசுல கண்ணுல படாது."

"ஆமாமா. குளிர்காலத்துல மட்டும் வரும்" என்றார் டாக்டர்.

பறவை திரும்பி, "கா" என்றது.

"குரல் மட்டும் காக்கா மாதிரியே இருக்கும்" என்றார் டாக்டர். எவ்வளவு படித்த மனிதர் என்று ஓட்டுநர் வியந்துபோனார்.

முக்கால் மணி நேரம் கழித்து, விழுந்து கிடந்த ஒரு மரத்தின் முன்னால் டாக்டர் நின்றார். "இந்த மரத்தை நாம ஏற்கெனவே பார்த்தோமோ?"

"இது வேற சார். இந்தக் காட்டுல விழுந்த மரமெல்லாம் ஒரே ஜாடை."

அடுத்த சுற்றில் அந்த மரத்தின் மேல், டாக்டர் மறந்து வைத்த கைக்குட்டை கிடந்தது. டாக்டர் அதை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஓட்டுநருக்கு வெட்கமாக இருந்தது. இலைகளுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. ஊரின் ஹாரன் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. மூச்சு சுகமாக வந்து போனது. இவ்வளவு நல்ல இடத்தை விட்டுவிட்டு ஒரு மாதம் பன்னுக்குள் முகத்தைப் புதைத்திருந்தோமே என்று உண்மையாகவே வருந்தினார். போனது போகட்டும், உண்மையைச் சொல்லிவிட்டுக் குடைகளிடமே திரும்பிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சூடான வெண்ணெய், சர்க்கரை, சுடச்சுட ரொட்டி.

"இந்தப் பக்கம் சார்!" என்று ஓட்டுநர் கத்தினார். அதற்குள் டாக்டர் அந்தப் பக்கம் பாதி தூரம் போயிருந்தார்.

புதர்களை விலக்கி, வேலியில் இருந்த இடைவெளி வழியாக நுழைந்து இருவரும் பேக்கரியின் பின்கட்டில் போய் விழுந்தார்கள். தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். போச்சு, இப்போது "வாங்கண்ணே" என்றால் ஸ்டியரிங் போய்விடும். டாக்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓட்டுநர் கண்ணைச் சிமிட்டினார், உதட்டில் விரலை வைத்தார், கும்பிடு கூடப் போட்டார்.

பேக்கரிக்காரர் அவரைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"நேத்து சாயங்காலம் நீங்க வந்து 'தெரியாத மாதிரி இருங்க'ன்னீங்க, கடை மூடற நேரத்துல தினமும் நம்ம மாடி மேசையில உட்கார்ற டாக்டர் சாரும் வந்து அதையேதான் சொல்லிட்டுப் போனாரு, இப்படி ரெண்டு பேரும் சேர்ந்து வந்து நின்னா, நான் யாரைண்ணே மொதல்ல தெரியாத மாதிரி பார்க்கறது?"