ரிவர்ஸில் வந்த மாப்பிள்ளை

உலகமே முன்னால் போகத் துடிக்கிற காலத்தில், பின்னால் போயே பெரிய ஆளானவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் ரிவர்ஸ் அண்ணா. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் எங்கள் தெருவின் கடைசியில் கோயில் கோபுரம். சன்னிதியிலிருந்து வரும்போது சுவாமிக்கு முதுகு காட்டக் கூடாதென்று நாமெல்லாம் நாலடி பின்னாலேயே நடப்போம் இல்லையா? அண்ணா அந்த மரியாதையைத் தன் ஓட்டைக் காருக்கும் விதித்திருந்தார். வீட்டு வாசலில் ஏறி உட்கார்ந்தால், கோபுரம் கண்ணுக்கு மறைகிறவரை ரிவர்ஸ்தான். கண்ணாடியெல்லாம் பார்க்க மாட்டார். கழுத்தை முழுசாகத் திருப்பிக்கொள்வார். இருபுறமும் ஸ்கூட்டர் நிற்கும் அந்தச் சந்தில் இதுவரை ஒரு கோலத்தின் ஓரத்தைக்கூட அவர் வண்டி அழித்ததில்லை.

ஊரே கடையடைத்துக் கிடந்த ஒரு ஹர்த்தால் நாளில் அண்ணா, நான், சங்கரன் மூவரும் மலைமேல் போனக்காடு எஸ்டேட்டுக்குக் கிளம்பினோம். சங்கரன் எங்கள் தெருக்காரன், நாற்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. அன்று மாலை நாலு மணிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து காயத்ரியும் அவள் வீட்டாரும் அவனை மாப்பிள்ளை பார்க்க நடந்தே வருவதாக ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு தடவை தேதியை மாற்றியிருந்தான். இனி மாற்றினால் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து அவனுக்குக் கை நடுக்கம். மலைக்காற்று பட்டால் சரியாகிவிடும் என்றது அண்ணாவின் வைத்தியம்.

காற்று பட்டது, நடுக்கமும் நின்றது. கூடவே வண்டியும் நின்றது. முன்னால் போகிற கியர் ஒன்றுகூட விழவில்லை. போனில் சிக்னல் இல்லை. ஹர்த்தாலானதால் பஸ், ஜீப் எதுவும் இல்லை.

"அண்ணா, நாலு மணிக்கு அவா வந்துடுவா. இந்தத் தடவையும் நான் இல்லேன்னா எனக்கு ஜன்மத்துல கல்யாணம் கிடையாது!"

அண்ணா ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். ரிவர்ஸ் மட்டும் ஜம்மென்று விழுந்தது. அவர் முகத்தில் லாட்டரி விழுந்த களை.

"பேடிக்காதே சங்கரா, என்ன பயம்? ரிவர்ஸ் இருக்கோல்லியோ? அது மதி, அதுவே போதும்."

அப்புறம் நடந்ததை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்த மலைப்பாதையின் வளைவுகள் அத்தனையையும் அந்த மனிதர் பின்னாலேயே இறங்கினார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நான் தெரிந்த ஸ்லோகமெல்லாம் சொல்லி முடித்து, வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்திருந்தேன். அண்ணாவோ எங்கள் தெருவில் போகிற மாதிரியே, "அந்தக் குழியைப் பார்த்தயோ, இந்த வருஷமும் மூடலே" என்று குறைப்பட்டுக்கொண்டு வந்தார்.

நெடுமங்காடு தாண்டியதும் ஹர்த்தால்காரர்கள் நாலு பேர் கொடியோடு மறித்து, வந்த வழியே பின்னால் போகச் சொன்னார்கள்.

"வண்டி விடில்லா. பின்னோட்டு போ!"

"பின்னோட்டு தன்னே அல்லே சேட்டா போகுன்னது?" என்றார் அண்ணா, பின்னால்தானே போய்க்கொண்டிருக்கிறோம் என்கிற பணிவோடு.

அவர்கள் வண்டியின் மூக்கைப் பார்த்தார்கள். அது மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி வந்த திசையையும் போகிற திசையையும் தங்களுக்குள் விவாதித்தார்கள். கடைசியில் ஒருவர் சிரித்துவிட்டு ரோட்டில் கிடந்த கல்லை நகர்த்தினார்.

தெருமுனையில் அண்ணா பிரேக் போட்டார். இப்படியே நுழைந்தால் வண்டியின் முதுகு கோபுரத்துக்கு. இறங்கி நடக்கலாமென்றால் சங்கரன் தலைசுற்றிச் சீட்டில் சரிந்திருந்தான். அண்ணா அவனைப் பார்த்தார், பிறகு கோபுரத்தைப் பார்த்தார்.

"முதுகு வண்டிக்குத்தானே? என் முகம் அங்கேதான் இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே விட்டார்.

சங்கரன் வீட்டு வாசலில் காயத்ரி வீட்டார் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கதையைக் கேட்டு அந்தப் பெண் சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது.

"இத்தனை பாடுபட்டு யாரும் என்னைப் பார்க்க வந்ததில்லே. எனக்கு சம்மதமாக்கும்."

அண்ணாவின் கழுத்துதான் திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. நிச்சயதார்த்தப் போட்டோக்களில் எல்லாம் அவர் யாரையோ திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கல்யாணம் முடிந்து சங்கரனும் காயத்ரியும் புனேவுக்குக் குடிபோன அன்று, தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனில் அண்ணாவின் வண்டியில்தான் கொண்டுபோய் விட்டோம். கியர் எல்லாம் சரிசெய்தாகிவிட்டது. திருப்புவதற்குத் தாராளமாக இடமும் இருந்தது. அண்ணா திருப்பவில்லை. வாசலில் கையசைத்து நின்ற இருவரையும் பார்த்தபடி ரிவர்ஸில் எடுத்தார்.

"இங்கே எந்த சுவாமி அண்ணா?" என்றேன்.

"சும்மா இரிடா" என்றார், அவர்கள்மேலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்கு அவர் ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்காகப் பின்னால் வழியை நான் பார்த்துக்கொண்டேன்.