மேட்டுப் பரணும் உறையாத புழுக்கையும்

புழுக்கை இன்னும் உறையவில்லை. ராட்னி கையுறையைக் கழற்றிவிட்டு ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினார். நசுங்கியது. மிஷிகனின் வடகோடியில், நவம்பர் குளிரில், புழுக்கை கல்லாகிப்போக அரைமணி நேரம் போதும். ஆக, கலைமான் இப்போதுதான் அவருடைய வேட்டைப் பரணுக்கு நேர் கீழே நின்று காரியத்தை முடித்துக்கொண்டு போயிருக்கிறது.

சுற்றிலும் பார்த்தார். மானும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. தேவதாரு மரங்கள் மட்டும் அசையாமல் நின்றன.

தடயத்துக்குக் குறைவே இல்லை. நாலு மரங்களில் அவர் நெஞ்சு உயரத்துக்குக் கொம்பால் உரசிப் பட்டை உரிந்து, பால் வடிந்துகொண்டிருந்தது. தொங்கும் கிளைக்கு அடியில் குளம்பால் கீறிய மண், அதில் குப்பென்று மூத்திர வாடை. குளம்புத் தடம் ஒன்று பனியில் கோடு இழுத்திருந்தது. பெரிய கலைமான், கிழடு, பின் வலதுகாலை இழுத்து நடப்பது என்று ராட்னி வாசித்தார். காடு எழுதிவைப்பதை அவர்போல வாசிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது என்று அவருக்கு நினைப்பு. எழுதியவரைத்தான் ஐந்து வருஷமாகப் பார்த்ததில்லை.

பிரச்சினையே அந்த ஐந்துதான். செத்துப்போன மாமனார் வைத்துவிட்டுப் போன சட்டம்: மேட்டுப் பரணில் உட்காருகிறவன் ஐந்து சீசன் கலைமான் சுடாவிட்டால் மேடு அடுத்தவனுக்கு. அடுத்தவன் என்றால் மச்சான் டுவேன். பரணின் ஒவ்வொரு பலகையும் ராட்னி கையால் அடித்தது. அதில் டுவேன் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பதை நினைத்தாலே அவருக்கு வயிறு எரிந்தது. சீசன் முடிய ஒன்பது நாள் பாக்கி.

"என்ன மாப்ள, இன்னிக்காவது தரிசனம் கெடச்சுதா?" என்று வேட்டை முகாமின் அடுப்படியில் டுவேன் கேட்டான்.

"இப்பதான் போயிருக்கு. புழுக்கை உறையக்கூட இல்ல மச்சான்."

"அத வறுத்தா சாப்பிட முடியும்?"

தன் வாடைதான் மானை விரட்டுகிறது என்று ராட்னி முடிவுகட்டினார். வாசனையில்லாத சோப்பு போட்டு, சவுனா என்ற நீராவி அறையில் தோல் சிவக்கக் குளித்தார். உடுப்புகளைத் தேவதாரு இலைக்குள் புதைத்துவைத்தார். வெங்காயத்தை விட்டார்.

"வெங்காயம் இல்லாம கறி வச்ச பாஸ்டி எப்படிச் சுடுறது?" என்றாள் மனைவி எய்லா. "சரி, எத்தனை மணிக்குத் திரும்புவீங்க? சரியா சொல்லுங்க, சாப்பாடு ஆறிடும்."

"அஞ்சரை."

"அஞ்சரைன்னா அஞ்சரைதானே? முன்னாடி வந்துட மாட்டீங்களே?"

தன் மேல் இவ்வளவு அக்கறையா என்று ராட்னிக்கு மனசு நிறைந்துபோனது.

மறுநாள் மேட்டில் கால் வைத்தவர் குனிந்து பார்த்தார். முந்தைய நாள் அவர் நடந்துபோன பூட்ஸ் தடம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குளம்பு பதிந்திருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் நின்று மூக்கைச் சிந்திய இடத்தில் அதுவும் நின்றிருந்தது.

வேலை முடிந்து மத்தியானம் கிளம்பிப் போவதுதான் தப்பு என்று தோன்றியது. மரவாடியில் லீவு போட்டுவிட்டு விடியும்போதே கிளம்பினார். எய்லா தூக்கக் கலக்கத்தோடு வாசல்வரை வந்து வழியனுப்பினாள். பொழுதன்றைக்கும் பரணில் விறைத்துக் கிடந்ததுதான் மிச்சம். அடுத்த நாள் ஏணி நின்ற மண்ணையே குளம்பு கீறிப்போட்டிருந்தது, வாடையோடு.

கலையை இழுக்கப் பெட்டைமான் வாடை புட்டி ஒன்று வாங்கினார். அது வண்டிக்குள்ளேயே கவிழ்ந்தது.

"இந்த நாத்தத்தோட கட்டில் பக்கம் வராதீங்க" என்று எய்லா ஒரு போர்வையை சோபாவில் வீசினாள்.

மீதி வாடையைப் பரணைச் சுற்றித் தெளித்துவிட்டு வந்தார். மறுநாள் ஏணியின் மூன்றாவது படியில் கொம்பு உரசிய தடம். மரமெல்லாம் போய் ஏணிக்கு வந்துவிட்டது.

அன்று டுவேன் கிண்டல் செய்யவில்லை. நெருப்பைக் குத்திக்கொண்டே மெல்லச் சொன்னான்: "அப்பா ஒண்ணு சொல்வாரு மாப்ள. அந்த மேட்டுல ஒரு கெழட்டுக் கலை உண்டாம். நாம அதோட தடத்தப் பாக்குறோம்னு நெனைப்போமாம். அதுதான் நம்ம தடத்தப் பாக்குமாம்."

"போய்யா."

"நான் சொல்லல. அப்பா சொன்னாரு."

ராட்னிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஒருநாள் முழுக்கப் படுத்துக் கிடந்தார். எய்லாவுக்கு அது ஏனோ பிடிக்கவில்லை. சமையலறை ஜன்னலுக்கும் அவருக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"சும்மா படுத்துக் கெடந்தா காய்ச்சல் போகுமா? கொஞ்ச நேரம் மேட்டுக்குப் போயிட்டு வாங்களேன்."

"நீதானே இந்த வருஷம் வேட்டையே வேணாம்னே?"

"அது அப்ப."

"ஆமா, ஆப்பிள் பை ஏன் இந்த வருஷம் கண்ணுல காட்டல?"

"மரத்துல இருந்ததெல்லாம் அணில் தின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

மறுநாள் மேட்டைப் பார்த்த ராட்னி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பரணைச் சுற்றிப் பனி முழுக்க மிதிபட்டுக் கிடந்தது. வட்டம் வட்டமாக நடந்திருக்கிறது. ஏணிக்கு அடியில், வீட்டுத் திசையைப் பார்த்தபடி, படுத்து எழுந்த பள்ளம். அவர் வராத நாளில் அது பொழுதெல்லாம் இங்கேயே இருந்திருக்கிறது.

"எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னது தன் குரல்போலவே இல்லை.

அன்று நாலரைக்கே திரும்பிவிட்டார். கேட்டுக்கு வெளியே வண்டி விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தடம் தெரிந்தது. பின் வலதுகால் இழுத்த கோடு. அதுவும் மத்தியானம் அவர் வெளியே போன டயர் தடத்தின் மேலே. இறங்கிக் குனிந்து மூன்று முறை வாசித்தார். சந்தேகமே இல்லை: அவர் வண்டி கிளம்பிய பிறகு பதிந்தது. வீட்டிலிருந்தே பின்னால் வருகிறது.

உள்ளே முற்றத்துப் பனி ஒரு பொட்டு இல்லாமல் வாரித் தள்ளியிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் எய்லா பனிவாரியைத் தொட்டதாக நினைவில்லை. இந்த இரண்டு வாரமாகத்தான் தினமும் செய்கிறாள். கணவன் மானைத் தேடி அலைந்து களைக்கிறானே என்ற இரக்கம் போலும்.

"எய்லா, நான் இல்லாதப்ப யாராவது வந்தாங்களா?"

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "யாரு வருவா? யாரும் வரலையே. நீங்க ஏன் சீக்கிரம் வந்தீங்க?"

பாவம், அவளுக்கும் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது என்று ராட்னி நினைத்துக்கொண்டார். "பயப்படாதே. கதவ உள்ளே பூட்டிக்கோ" என்றார்.

கடைசி நாள் மாலை மூடுபனி இறங்கியது. பரணில் உட்கார்ந்திருந்தவருக்குப் பிடரிக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுவதுபோல இருந்தது. மூச்சை அடக்கினார். அந்த மூச்சும் நின்றது. விட்டார். அதுவும் விட்டது. அவ்வளவுதான். பிளாஸ்கைப் போட்டது போட்டபடி ஏணியில் பாதிப் படிகளை மிதிக்காமலே இறங்கி, முகாமுக்கு வந்துதான் நின்றார்.

"மச்சான், மேட்ட நீயே எடுத்துக்கோ. இப்பவே. பரணும் சேத்து."

டுவேன் முழித்தான். "நான் சும்மா பயங்காட்டினேன் மாப்ள. அப்பா அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லல."

"நீ சும்மா சொன்னே. அது சும்மா இல்ல. எல்லாத்தையும் நான் வாசிச்சிட்டேன்."

மாமனாரின் முகாம் நோட்டில் மேட்டை டுவேன் பெயருக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டார். சுமை இறங்கிய மாதிரி இருந்தது. அழுகையும் வந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு ராட்னி கேட்டடியில் சும்மா நின்றிருந்தார். தபால்காரி பெர்னிஸ் வண்டியை நிறுத்தி, கடிதங்களை நீட்டியபடியே முற்றத்தை எட்டிப் பார்த்தாள்.

"உங்க வண்டி வீட்டுலயே நிக்குதே. அப்ப இன்னிக்கு அவன் வரமாட்டானா?"

"யாரு?"

"என்னங்க, வளக்குறதே நீங்கதான்னு ஊரே சொல்லுது, நீங்க என்னைக் கேக்குறீங்க. தெனமும் உங்க வண்டி கெளம்புன சத்தம் கேட்டதும் காட்டுலேருந்து வந்து, சமையலறை ஜன்னலுக்குக் கீழ படுத்து எய்லா கையால ஆப்பிள் வாங்கித் தின்னுட்டு, நீங்க திரும்புற சத்தம் கேட்டதும் எழுந்து போவானே, காலை இழுத்து இழுத்து நடக்குற அந்தப் பெரிய கலைமான்."