மாவீரர் தொங்கும் முறை

புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரே மாதத்தில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் களவு போயின. காவலாளி கேட்டு மக்கள் மனு கொடுத்தார்கள். மேலிடம் மனுவை ஆழ்ந்து பரிசீலித்து, காவலாளிக்குப் பதிலாக ‘வருங்கால மாவீரர்களுக்கான சண்டைப் பயிற்சி’ என்றொரு திட்டத்தை அனுப்பிவைத்தது.

முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன் நெல்சன். அவன் மனைவி பெட்ரிசியா லுக்குட்டில் கிளினிக் வேலைக்குப் போவது மோட்டாரில்தான். அது போனால் வேலையும் போச்சு என்ற பயம் அவனுக்கு. மாவீரனுக்கு முதுகில் துணி தொங்க வேண்டுமாமே என்று ஜன்னல் திரையைக் கழற்றிக் கட்டிக்கொண்டு போனான்.

பயிற்சி அதிகாரி யோகேந்திரன் ஆளுக்கொரு கையேடு கொடுத்தார். மலாய் மொழியிலிருந்து தமிழாக்கியது. முதல் விதி இப்படி இருந்தது: ‘திருடனைக் கண்டதும் பாய வேண்டாம். மரத்தருகே சென்று, உதவி வரும்வரை தொங்கவும்.’

“சார், மலாய்ல ‘துங்கு’ன்னு இருந்திருக்கும். அப்படின்னா காத்திருன்னு அர்த்தம் லா. யாரோ ‘தொங்கு’ன்னு அடிச்சிட்டாங்க,” என்றான் நெல்சன்.

யோகேந்திரனுக்கும் புரிந்துவிட்டது, பாவம். “ஐந்நூறு பிரதி அச்சாயிருச்சு தம்பி. மேலிடத்துப் பெரியவரு முன்னுரை வேற எழுதிட்டாரு.”

“அதுக்காகத் தொங்கணுமா?”

“பத்து நிமிஷம் தொங்குனாத்தான் சிஜில். சான்றிதழ் இல்லாம திருடனைத் தொட்டா நீங்கதான் உள்ள போவணும்.”

ஆகவே பதினோரு மாவீரர்கள் தேவாலயத்து மழைமரத்தில் முறைப்படி தொங்கினார்கள். கீழே அவர்களுடைய மோட்டார்கள் வரிசையாக நின்றன. எட்டாவது நிமிடத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவன் வந்து, நெல்சன் ஓட்டி வந்திருந்த பெட்ரிசியாவின் மோட்டாரைத் தேர்ந்தெடுத்து, அண்ணாந்து பார்த்தான்.

“என்னண்ணே இது?”

“பயிற்சி லா,” என்றான் பக்கத்துக் கிளையில் தொங்கிய வீரமுத்து, கேட்டதற்கு மரியாதையாக.

“இன்னும் எவ்ளோ நேரம்?”

“ரெண்டு நிமிஷம்.”

“போதும்ணே.”

“சார், அது என் வீட்டு மோட்டார். இறங்கிடவா?” என்று நெல்சன் கெஞ்சினான்.

“இறங்குனா மறுபடி முதல்லேருந்து தொங்கணும். கொஞ்சம் பொறுங்க தம்பி, சட்டப்படியே புடிச்சிரலாம்.”

நெல்சன் காலை நீட்டித் தரையைத் துழாவினான். ஆனாலும் தொங்கிய எட்டு நிமிடம் வீணாகுமே என்று கையை விடவில்லை. சான்றிதழ் கைக்கு வந்தபோது மோட்டார் சத்தம் பெரிய சாலையைத் தாண்டியிருந்தது.

மறுவாரம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: ‘தொங்கவும் என்பதைக் காத்திருக்கவும் எனத் திருத்தி வாசிக்கவும்.’ நெல்சன் அதை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். ஒரு மணி நேரமாக பெட்ரிசியா அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

“பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன்.”

அவள் நிதானமாகப் படித்தாள்.

“இதுக்கும் சிஜில் குடுக்குறாங்களா?”

“ஏன் கேக்குற?”

“குடுத்தா தோட்டத்துல எல்லாருக்கும் சேத்து வாங்கிட்டு வாங்க. மனு எழுதிப் போட்ட நாள்லேருந்து நாம இதத்தானே செஞ்சிக்கிட்டு இருக்கோம்.”